கவனிக்காவிட்டால் மூச்சு நின்றுவிடுமா, டாக்டர்?

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவரின் நீண்ட கடிதம் இது, சுருக்கித் தருகிறேன். அவருக்கு வயது 38. அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கிற வேலை. எட்டு மாதங்களுக்கு முன்பு, ஆண்டுக் கணக்கை முடிக்கும் நெருக்கடியில், ஒரு மாலை திடீரென்று ‘காற்று போதவில்லை’ என்று தோன்றியது. அன்று முதல், நெஞ்சு நிறைய இழுத்தாலும் மூச்சு ‘அடிவரை போய்ச் சேரவில்லை’ என்ற உணர்வு. சேரும்வரை மறுபடி மறுபடி இழுக்கிறார். பெருமூச்சும் கொட்டாவியும் ஓயவில்லை. சில நாட்களில் விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு, தலைக்கிறக்கம். பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கி ஒரு நாளில் முப்பது தடவையாவது விரலில் மாட்டிப் பார்க்கிறார். அது 97, 98 என்றுதான் காட்டுகிறது.

இதற்கிடையே, டால்பின்கள் ஒவ்வொரு மூச்சையும் நினைத்துத்தான் எடுக்கின்றன என்று ஓர் ஆவணப்படத்தில் பார்த்திருக்கிறார். அதைத் தொடர்ந்து தேடியதில், தூங்கினால் மூச்சு அடங்கிப்போகும் அபூர்வ நோய் ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டார். ‘நான் கவனிக்காமல் தூங்கிவிட்டால் என் மூச்சும் நின்றுவிடுமோ?’ என்ற பயம் அன்றிலிருந்து. “குறட்டைகூட இல்லை, நன்றாகத்தான் மூச்சுவிடுகிறாய்” என்று கணவர் சொல்லியும் மனம் ஆறவில்லை. வீட்டில் ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைக்கலாமா, காகிதப் பைக்குள் மூச்சுவிட்டால் சரியாகும் என்கிறார்களே, செய்யலாமா என்றும் கேட்கிறார். முடிக்கும் முன்பு ஒரு வரி: ‘என் 14 வயது மகன் இருபது தடவை வேகமாக ஆழ்ந்து மூச்சிழுத்துவிட்டு, நீச்சல் குளத்தின் முழு நீளத்தையும் தலையை வெளியே எடுக்காமல் கடந்துவிடுகிறான். அவனுக்கு நல்ல நுரையீரல். அந்தப் பயிற்சியை நானும் செய்யட்டுமா?’

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பயந்து பயந்து எழுதிய நான்கு பக்கங்களைப் படித்தபோது எனக்குப் பயம் வரவில்லை. பெருமையோடு எழுதிய அந்தக் கடைசி வரியைப் படித்தபோது வந்தது. அதனால் உங்கள் மகனிடமிருந்தே தொடங்குகிறேன். அவனுடைய ஆபத்தும் உங்களுடைய அவஸ்தையும் ஒரே இடத்தில்தான் வேர் விட்டிருக்கின்றன. அவனுக்கு ஏன் அது ஆபத்து என்று புரிந்துவிட்டால் உங்களுக்கு ஏன் காற்று போதவில்லை என்பதும் பாதி புரிந்துவிடும்.

இன்றே மகனிடம் சொல்ல வேண்டியது

இருபது தடவை வேகமாக மூச்சிழுத்தால் உடம்பில் ஆக்சிஜன் நிரம்பிவிடும் என்று அவன் நினைக்கிறான். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். உண்மை வேறு. அவன் சும்மா நிற்கும்போதே அவன் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 98 சதவீதம் ஆக்சிஜனால் நிரம்பித்தான் இருக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் ஏறுவதற்கு அங்கே இடமில்லை. வேகமான மூச்சு செய்கிற வேலை ஒன்றே ஒன்று: ரத்தத்திலிருக்கும் கரியமில வாயுவை வெளியே அள்ளிக் கொட்டிவிடுகிறது.

மூச்சை அடக்கும்போது ‘இனி முடியாது, மூச்சு விட்டே ஆக வேண்டும்’ என்று நெஞ்சு முட்டுகிறதே, அந்த முட்டலை உண்டாக்குவது ஆக்சிஜன் குறைவு அல்ல, கரியமில வாயு ஏறுவதுதான். அதுதான் எச்சரிக்கை மணி. அந்த வாயுவை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கும் பையனுக்கு மணி அடிக்கத் தாமதமாகும். ஆக்சிஜனோ ஒவ்வொரு கை வீச்சிலும் செலவாகிக்கொண்டே இருக்கும். மணி அடிப்பதற்கு முன்பே ஆக்சிஜன் மூளைக்குப் போதாத அளவுக்கு இறங்கிவிட்டால், அவன் திணற மாட்டான், கையை உதற மாட்டான், முன்னறிவிப்பே இல்லாமல் நினைவிழப்பான். நினைவிழந்த உடம்பு சற்று நேரத்தில் தானாக மூச்சிழுக்கும். அப்போது உள்ளே போவது தண்ணீர். இப்படி இறந்தவர்களில் பலர் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள். ஆழமில்லாத குளத்திலும் இது நடக்கும். கரையில் நிற்பவர்களுக்கு அவன் இன்னும் மூச்சடக்கிக்கொண்டிருப்பதாகவே தோன்றும்.

ஆகவே, நீருக்குள் போகுமுன் வேகமாக மூச்சிழுப்பது அறவே கூடாது. நண்பர்களுடன் மூச்சடக்கும் போட்டி கூடாது. தனியாக நீருக்கடியில் நீந்தக் கூடாது. அவன் நுரையீரல் நல்ல நுரையீரல்தான், எனக்கு அதில் சந்தேகமில்லை. இந்தப் பழக்கத்தில் அது அவனைக் காப்பாற்றாது. நீங்கள் அந்தப் பயிற்சியைச் செய்யலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: தண்ணீரிலும் வேண்டாம், தரையிலும் வேண்டாம். சொல்லப்போனால், நீங்கள் எட்டு மாதங்களாகத் தெரியாமலே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

நெருப்பைப் புகையால் அளக்கும் உடம்பு

‘மூச்சு’ என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது இரண்டு காரியங்களை. நெஞ்சு விரிந்து சுருங்கிக் காற்று போய் வருவது ஒன்று. உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு, உணவிலிருந்து வந்த சத்தை ஆக்சிஜனைக் கொண்டு சிறுகச் சிறுக எரித்துச் சக்தி எடுப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் உண்மையான சுவாசம். முதலாவது அதற்குக் காற்று கொண்டுவந்து கொடுக்கும் வண்டி. 1780-களில் லவோசியே, லாப்லாஸ் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, அதன் உடம்புச் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். எரியும் கரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, உயிரின் மூச்சும் ஒரு மெதுவான எரிதல்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த எரிதல் நுரையீரலில் நடக்கிறது என்று எண்ணியது மட்டும்தான் பிழை. அது விரல் நுனி வரை எல்லா இடத்திலும் நடக்கிறது.

எரிந்தால் புகை வர வேண்டும் அல்லவா? அந்தப் புகைதான் கரியமில வாயு. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி லிட்டர் ஆக்சிஜனைச் செலவழித்து, 200 மில்லி லிட்டர் கரியமில வாயுவை உண்டாக்குகிறார். ஓடினால் இரண்டும் பல மடங்காகும். அடுப்பு எவ்வளவு எரிகிறது என்று புகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுபோல, எவ்வளவு மூச்சு வேண்டும் என்று கரியமில வாயுவைப் பார்த்தே நம் மூளை தீர்மானிக்கிறது. 1905-இல் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரு உடலியல் அறிஞர்கள் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நுரையீரலில் அந்த வாயுவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் வெறும் 0.2 சதவீதம் உயர்ந்தாலே போதும், மூச்சின் அளவு இரு மடங்காகிவிடுகிறது. அவ்வளவு நுட்பமான மணி அது. ஆக்சிஜனைக் கவனிக்கவும் கழுத்துத் தமனி கிளை பிரியும் இடத்தில் ஒரு சிறிய காவல் இருக்கிறது. ஆனால் ஆக்சிஜன் நன்றாகக் குறைந்த பிறகுதான், உதாரணமாக உயர்ந்த மலைகளில், அது உரக்கக் குரல் கொடுக்கும்.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு எண்ணத்தை நான் திருத்த வேண்டும். ‘கெட்ட காற்று முழுவதையும் வெளியேற்றிவிட வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கரியமில வாயு கழிவுதான். ஆனால் முழுவதும் வெளியேற்ற வேண்டிய கழிவு அல்ல. தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் பாதரச அளவில் 40 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும்படி உடம்பு ஓயாமல் பார்த்துக்கொள்கிறது. ரத்தத்தின் அமில காரச் சமநிலை அதைச் சார்ந்திருக்கிறது. மூளையின் ரத்தக் குழாய்கள் போதிய அளவு விரிந்திருப்பதும் அதனால்தான். இன்னும் ஒன்று உண்டு. 1904-இல் கிறிஸ்டியன் போர் என்ற டென்மார்க் அறிஞர் கண்டறிந்த செய்தி அது: கரியமில வாயு இருக்கும் இடத்தில்தான் ஹீமோகுளோபின் தன் பிடியைத் தளர்த்தி ஆக்சிஜனைக் கீழே இறக்குகிறது. வேலை செய்யும் தசையில் புகை அதிகம், அதனால் அங்கே சரக்கும் அதிகம் இறங்குகிறது. புகையை நாமே ஊதிக் கலைத்துவிட்டால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்கிறது.

இப்போது உங்கள் மாலைகளை நினைத்துப் பாருங்கள். காற்று போதவில்லை என்று ஆழமாக இழுக்கிறீர்கள். கரியமில வாயு இறங்குகிறது. அது 40-லிருந்து 20-ஐ நெருங்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையும்; அதுதான் தலைக்கிறக்கம். ரத்தம் காரத்தன்மை பெறுவதால் அதிலுள்ள கால்சியத்தில் நரம்புகளுக்குப் பயன்படும் பகுதி குறைந்து நரம்புகள் துடியாகின்றன. அதுதான் விரலிலும் உதட்டிலும் வரும் மதமதப்பு. இந்த அறிகுறிகளைக் கண்டு பயம் வருகிறது. பயம் இன்னும் வேகமாக மூச்சிழுக்கச் சொல்கிறது. மருந்தென்று நினைத்து நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு ஆழ்ந்த மூச்சும் நோயைத்தான் வளர்க்கிறது.

என் அறையில் அடிக்கடி நடப்பது இது. உங்களைப் போலவே ஒருவர் வந்து உட்காருவார். தன் கதையைச் சொல்லி முடிக்கும் ஐந்தாறு நிமிடத்துக்குள் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறி இறங்கும் பெருமூச்சுகளை நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். ஒருவரிடம் பதினேழு எண்ணினேன். ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பெருமூச்சு எல்லோருக்கும் இயல்பு. இதயத்தையும் நுரையீரலையும் பரிசோதித்து ஐயம் தீர்ந்த பிறகு, என் முன்னாலேயே ஒரு நிமிடம் வேண்டுமென்றே ஆழமாக, வேகமாக மூச்சுவிடச் சொல்வேன். நிமிடம் முடிவதற்குள் அவர் விரல்களைத் தேய்த்துக்கொண்டு, “இதேதான் டாக்டர், இதேதான்!” என்பார். பயத்தை உண்டாக்கிய அறிகுறிகளைத் தன்னாலேயே வரவழைக்க முடியும் என்று கண்ட அந்தக் கணத்தில் பலருடைய முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள். மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டியது இது.

‘அடிவரை போகவில்லை’ என்பது எதனால்?

விரிவதற்கென்று நுரையீரலுக்குச் சொந்தமாகத் தசை கிடையாது. அதை விரிப்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம்போல் இருக்கும் உதரவிதானம். எலி முதல் யானை வரை பாலூட்டிகள் அனைத்துக்கும் உரிய தசை இது. இது சுருங்கித் தட்டையாகும்போது நெஞ்சறை நீண்டு காற்று உள்ளே வருகிறது. தளரும்போது நுரையீரல் தன் மீள்தன்மையால் தானே சுருங்கிக் காற்றை வெளியே தள்ளுகிறது. சாதாரண மூச்சில் வெளியே விடுவதற்கு உழைப்பே இல்லை. ஒரு மூச்சில் வந்துபோவது சுமார் 500 மில்லி லிட்டர். அதில் 150 மில்லி லிட்டர் மூச்சுக்குழாய்களிலேயே நின்று திரும்பிவிடும். விட்டு முடித்த பின்பும் நுரையீரலில் இரண்டு லிட்டருக்கு மேல் காற்று மிச்சம் இருக்கும். முழு பலத்தோடு ஊதினால்கூட ஒரு லிட்டருக்கு மேல் எஞ்சும். அதனால்தான், உடற்கூறு வகுப்பில் நுரையீரலின் ஒரு துண்டை வெட்டி நீரில் போட்டால் அது மூழ்காமல் பஞ்சுபோல் மிதக்கும்.

உங்களுக்கு என்ன நடக்கிறது என்றால், முந்தைய மூச்சு முழுவதும் வெளியேறும் முன்பே அடுத்ததை அதன் மேல் இழுக்கிறீர்கள். நெஞ்சு எப்போதும் அரை விரிவில் நிற்கிறது. நிறைந்த குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்ற முடியும்? தசைகள் எல்லைக்கு வந்துவிட்டன, மேலே விரிய இடமில்லை. அதைத்தான் ‘போய்ச் சேரவில்லை’ என்று உணர்கிறீர்கள். குறை இழுப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது.

காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். நீங்கள் வெளியே விடும் காற்றில்கூட இன்னும் 16 சதவீதம் இருக்கிறது. மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதிக் காப்பாற்ற முடிவது அதனால்தான். உள்ளே காற்று நிறையும் நுண்ணறைகள் 30 முதல் 50 கோடி, ஒவ்வொன்றையும் சுற்றித் தந்துகி எனும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் வலை, நடுவே ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான தடுப்பு. ஓய்வில் ஒரு சிவப்பணு அந்த வலையைக் கடக்க முக்கால் விநாடி ஆகிறது. கால் விநாடியிலேயே அது ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டுவிடும். மிச்ச அரை விநாடி முழுவதும் கையிருப்பு. உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் ஒருவருடைய ஆரோக்கியமான நுரையீரலில் காற்று போதாமல் போவது எவ்வளவு கடினம் என்று பாருங்கள்.

வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும் நாயைப் பார்த்திருப்பீர்கள். நிமிடத்துக்கு 300 தடவைகூட அது மூச்சுவிடும். உங்களுக்கு வருகிற கிறக்கம் அதற்கு ஏன் வருவதில்லை? அதன் மூச்சு அவ்வளவு மேலோட்டமானது. காற்று பெரும்பாலும் வாயிலும் மூச்சுக்குழாயிலுமே போய்வந்து ஈரத்தை ஆவியாக்கிச் சூட்டைத் தணிக்கிறது. நுண்ணறைகளில் இருக்கும் கரியமில வாயுவை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. உங்கள் மூச்சு இதற்கு நேர்மாறு. எண்ணிக்கை குறைவாக இருக்கலாம், ஒவ்வொன்றும் அடிவரை போய்த் துடைத்துக்கொண்டு வருகிறது.

தூக்கமும் டால்பினும்

டால்பினைப் பற்றி நீங்கள் பார்த்தது பெரும்பாலும் சரி. நீருக்குள் வாழும் பாலூட்டி அது. மூச்சுத்துளை நீருக்கு மேலே வரும்போதுதான் திறக்க வேண்டும். இடம் தெரியாமல் தானாகத் திறந்தால் மூழ்கிவிடும். அதனால் மூளையின் ஒரு பாதி தூங்க, மறு பாதி விழித்திருக்கிறது. பெரும்பாலும் ஒரு கண்ணைத் திறந்தபடியே தூங்கும். கடலுக்குத் திரும்பிய பாலூட்டிகளின் மூச்சு தனி அதிசயம்: குவியர் அலகுத் திமிங்கிலம் ஒன்று ஒரே மூச்சில் 3 மணி 42 நிமிடம் நீரடியில் இருந்தது பதிவாகியிருக்கிறது. அதுகூட நுரையீரலில் காற்றை அடைத்துக்கொண்டு போவதால் அல்ல. ரத்தத்திலும் தசையிலும் ஆக்சிஜனைச் சேமித்துக்கொண்டும், இதயத் துடிப்பைக் குறைத்துச் செலவைச் சுருக்கியும்தான்.

நமக்கு அந்தத் தேவை இல்லை. நம் மூக்கைச் சுற்றி எப்போதும் காற்றுதான். நம் மூச்சின் தாளம் மூளைத்தண்டில், முகுளத்தில் இருக்கும் சில ஆயிரம் நரம்புச் செல்களின் வேலை. 1991-இல் ஓர் ஆய்வுக்குழு பிறந்த எலிக்குட்டிகளின் மூளைத்தண்டிலிருந்து மெல்லிய ஒரு துண்டை வெட்டி எடுத்து, தகுந்த திரவத்தில் வைத்துப் பார்த்தது. உடம்பு இல்லை, நுரையீரல் இல்லை, நினைக்கும் மூளை இல்லை. அந்தத் துண்டு மட்டும் மூச்சுத் தாளத்தைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தது. சகோதரி, உங்கள் கவனம் இந்தத் தாளத்துக்கு எண்ணெய் ஊற்றவில்லை. பேசவும் பாடவும் ஊதவும் வசதியாக, மேலே இருக்கும் மூளை சற்று நேரம் இந்தத் தாளத்தை வாங்கி நடத்தலாம் என்பது ஒரு சலுகை மட்டுமே. கையை எடுத்தவுடன் அது தன் வேகத்துக்குத் திரும்பிவிடும்.

நீங்கள் படித்த அந்த நோய் உண்மையானது. மிக மிக அபூர்வமானது. தூக்கத்தில் கரியமில வாயு ஏறினாலும் மூளை மூச்சை உயர்த்தாது. ஒரு குறிப்பிட்ட மரபணுவில் ஏற்படும் மாற்றம் அதற்குக் காரணம் என்று 2003-இல் கண்டறிந்தார்கள். பெரும்பாலும் பிறந்த சில நாட்களிலேயே தெரிந்துவிடும். 38 ஆண்டுகளாக இரவுதோறும் தூங்கி விழித்தவர் நீங்கள். தூக்கம் பிடிக்கும் நேரத்தில் சில விநாடிகள் மூச்சு தயங்குவதை நீங்கள் கவனித்திருக்கலாம். அது ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். உரத்த குறட்டை, நடுவே அடைத்து விழிப்பது, பகலில் அடக்க முடியாத தூக்கம் ஆகியவை இருந்தால் அது வேறு விஷயம். அங்கே மூளை மறப்பதில்லை, தொண்டை அடைபடுகிறது. அதற்குத் தூக்கப் பரிசோதனை உண்டு. உங்கள் கணவர் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அது இருப்பதாகத் தெரியவில்லை.

98 என்ற எண் சொல்வதும் சொல்லாததும்

பயமே தேவையில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நான் போய்விட முடியாது. ஆக்சிமீட்டர் காட்டும் 98, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. ஹீமோகுளோபினே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. உங்கள் ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு அது 14 கிராம் இருந்தாலும் 7 கிராம் இருந்தாலும் திரையில் வருவது அதே 98தான். இரண்டாவது நிலையில் ரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் ஏறக்குறையப் பாதி. ரத்தசோகையால் மூச்சு வாங்கும் பெண்கள் பலரை ‘98 இருக்கிறதே’ என்று வீட்டில் சமாதானப்படுத்திவிடுகிறார்கள். இது எனக்கு நெடுநாள் வருத்தம். கருவி கரியமில வாயுவையும் காட்டாது. குளிர்ந்த விரல், நகப்பூச்சு இவற்றால் எண் மாறும். கருமையான தோலில் சில சமயம் உண்மையைவிடக் கூடுதலாகவும் காட்டும்.

ஆகவே முதலில் ஒரு பொது மருத்துவரை நேரில் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, இசிஜி, நுரையீரல் திறனை ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரி ஆகியவை போதுமான தொடக்கம். ஆஸ்துமா பல நாட்கள் ஒளிந்திருந்து சில நாட்கள் மட்டும் தலைகாட்டும். இரவில் இருமலோ விசில் சத்தமோ உண்டானால் அதை மறக்காமல் சொல்லுங்கள். உங்களுடையது அளவுக்கு மீறிய மூச்சுதான் என்று நான் பலமாக நினைத்தாலும், இவற்றையெல்லாம் விலக்கிய பிறகு வரவேண்டிய முடிவு அது. கடிதத்தை வைத்து மட்டும் அதை உறுதி செய்ய எனக்கு உரிமையில்லை.

நெஞ்சு வலி, மயக்கம், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, நடந்தாலோ மாடி ஏறினாலோ நாளுக்கு நாள் அதிகரிக்கும் இரைப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இருமலில் ரத்தம், உதடு நீலம் பாய்வது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் இந்தக் கட்டுரையை மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் சிரமம் உட்கார்ந்திருக்கும்போது வந்து, வேகமாக நடக்கும்போது மறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல அறிகுறி.

சிலிண்டரும் காகிதப் பையும்

இரண்டும் வேண்டாம். 98 சதவீதம் நிரம்பிய ரத்தத்துக்குச் சிலிண்டரால் கொடுக்க எதுவும் இல்லை. வீட்டுக்குள் தீ ஆபத்து மட்டும் கூடும். காகிதப் பை பழைய ஆலோசனை. விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுப்பதால் மதமதப்பு குறையும் என்பது உண்மை, ஆனால் பைக்குள் ஆக்சிஜனும் வேகமாகக் குறையும். பதற்றம் என்று நினைத்தது இதயக் கோளாறாகவோ ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்த நிலையாகவோ இருந்து, பையால் உயிர் போன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

செய்யக்கூடியது

பரிசோதனைகள் சரியாக இருந்தால், ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொல்லும் பயிற்சிகளைத் தேடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது சிறிய, மெதுவான மூச்சு. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு கையைத் தொப்புளுக்குச் சற்று மேலே வையுங்கள். வாயை மூடுங்கள். மூக்கு வழியாக, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத அளவுக்குக் கொஞ்சமாக இழுங்கள்; மூன்று எண்ணும்வரை போதும். கை லேசாக எழும், தோள் அசையக் கூடாது. பிறகு ஐந்து எண்ணும்வரை தானாகப் போகவிடுங்கள். போன பின்பு அவசரப்பட்டு அடுத்ததை இழுக்காமல், அது தானாக வரும்வரை ஒரு கணம் காத்திருங்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம்.

முதல் சில நாட்கள் இது கடினமாக இருக்கும். அதை மறைக்க விரும்பவில்லை. காற்று போதவில்லை என்ற உணர்வு முன்பைவிடக் கூடும். மாதக்கணக்காகக் குறைந்த கரியமில வாயுவுக்குப் பழகிவிட்ட மணி, இயல்பான அளவுக்கே அடிக்கிறது. தாங்கக்கூடிய அந்த லேசான முட்டலோடு சற்று நேரம் உட்கார்ந்திருப்பதுதான் சிகிச்சை. வாரங்களில் மணி புதிய அளவைக் கற்றுக்கொள்ளும். மூச்சை வலிந்து அடக்க வேண்டாம். பெருமூச்சு வரும்போல் இருந்தால் எச்சிலை விழுங்கிவிட்டு அடுத்த மூச்சைச் சிறிதாக எடுங்கள். பாதி நேரம் அது அடங்கிவிடும். அடங்காமல் வந்துவிட்டாலும் பரவாயில்லை. சரிந்து மூடும் நுண்ணறைகளை அவ்வப்போது திறந்துவிடுவதற்கென்றே உடம்பு பெருமூச்சை வைத்திருக்கிறது.

ஆக்சிமீட்டரை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். காய்ச்சல், இருமல் என்று உடம்புக்கு வந்தால் அவர் பார்க்கட்டும். மூச்சுப் பயிற்சி அறிந்த இயன்முறை மருத்துவர் ஒருவர் உதவினால் வேகமாகத் தேறுவீர்கள். மனநல ஆலோசகரையும் பாருங்கள் என்று சொன்னால், ‘எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மதமதப்பும் கிறக்கமும் ரத்தத்தில் அளந்து காட்டக்கூடிய உண்மைகள். அவற்றைத் தொடங்கிவைத்த வேலைப் பளுவையும் பயத்தையும் பேசித் தீர்க்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

ஹீமோகுளோபின் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அது 12 கிராமுக்குக் குறைவாக இருந்தால் ரத்தம் எங்கே போகிறது, இரும்புச் சத்து ஏன் குறைந்தது என்று தேட வேண்டியிருக்கும். அடுத்த கடிதத்தில் அதைப் பேசுவோம். மகனிடம் பேசிவிட்டேன் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.